ஈதர்நெற் ஆளிக்கு முகவரி அமைத்தல்: டயகமவை முன்வைத்து ஒரு விளக்கம்

தலவாக்கலையிலிருந்து லிந்துலை, அக்கரப்பத்தனை வழியாக மேலேறும் பாதை ஹோர்ட்டன் சமவெளியின் அடிவாரத்தை நெருங்குமிடத்தில் டயகமத் தோட்டங்களைச் சென்றடைகின்றது. டயகம கிழக்கு, டயகம மேற்கு எனத் தோட்டம் பெயர் பெறுகின்றது. தோட்டத்துக்குள் முதலாம் பிரிவு, இரண்டாம் பிரிவு என எண் பெற்ற பிரிவுகள் உள்ளன. பிரிவுக்குள் லயங்களும் லயத்துக்குள் காம்பிராக்களும் அடங்குகின்றன. தோட்டம், பிரிவு, லயம், காம்பிரா என்னும் இவ்வொழுங்கு ஒரு முகவரிக்கு வேண்டிய உறுப்புகள் யாவற்றையும் தன்னகத்தே கொண்டது. ஆயினும் மலையகத் தோட்டங்களில் நெடுங்காலமாகத் தப்பால் பெரும்பாலும் காம்பிராவின் வாசலுக்கு வந்ததில்லை. அது தோட்டத்தின் பெயருக்கு வந்து, தோட்டக் கந்தோரில் இறங்கி, அங்கிருந்து கைமாறியே உரியவரைச் சேர்ந்தது. உறுப்புகள் இருந்தும் முகவரி இல்லாத இந்நிலையை நாம் முதலில் மனங்கொள்ளுதல் வேண்டும். இக்கட்டுரையின் முடிவில் மீண்டும் அதனிடம் வருவோம்.

ஈண்டு நாம் எடுத்துக்கொண்ட பொருள் கணினி வலையமைப்பைச் சார்ந்தது. ஈதர்நெற் ஆளி எனப்படும் கருவிக்கு வலைமுகவரி அமைப்பது எங்ஙனம், அவ்வமைப்பில் நேரும் பிழைகள் யாவை என்பவற்றை விளக்குவதே எமது நோக்கமாகும். டயகமவை முன்வைத்து இதனை விளக்க முற்படுவதற்கு இரண்டு காரணங்கள் உள. முகவரியின் இயல்பைத் தோட்டத்து வாழ்க்கையிலிருந்தே எளிதில் உணர்த்தலாம் என்பது ஒன்று. ஓர் ஆளிக்கு முகவரி ஏன் வேண்டும் என்னும் வினாவுக்கு, நகரத்திலிருந்து தொலைவிலுள்ள இத்தகைய ஓரிடமே தெளிவான விடை தருகின்றது என்பது மற்றொன்று.

ஈதர்நெற்றும் இருவகை முகவரிகளும்

ஈதர்நெற் என்னும் முறை 1973ஆம் ஆண்டில் கலிபோர்னியாவிலுள்ள செரொக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்ற்றோ ஆய்வுகூடத்தில் உருவாயிற்று. றொபேட் மெற்காஃப், டேவிட் பொக்ஸ் ஆகிய இருவரும் அதன் முன்னோடிகளாவர். ஒளி செல்வதற்கு ஊடகமாக முற்காலப் பௌதிகவியலாளர் கற்பித்துக்கொண்ட ‘ஈதர்’ என்னும் பொருளின் பெயரையே மெற்காஃப் தமது முறைக்கு இட்டார். 1983ஆம் ஆண்டில் அது 802.3 என்னும் நியமமாக ஏற்றுக்கொள்ளப்பட்டது. தொடக்கத்தில் கணினிகள் யாவும் ஒரே வடத்தைப் பகிர்ந்துகொண்டன. ஒன்று பேசும்போது ஏனையவை காத்திருக்க வேண்டியிருந்தது. இக்குறையை நீக்கியதே ஆளியாகும். வினோத் பரத்வாஜ் என்னும் இந்திய வம்சாவளியினரை நிறுவுநருள் ஒருவராகக் கொண்ட கல்பனா என்னும் நிறுவனம், ஏழு துறைகளைக் கொண்ட முதலாவது ஈதர்நெற் ஆளியை 1990ஆம் ஆண்டில் வெளியிட்டது. ஒரு துறைக்கு வந்த செய்தியை உரிய துறைக்கு மாத்திரம் அனுப்புவதே ஆளியின் தொழில். சுவிச் என்று கடைகளில் வழங்குவதும் இக்கருவியே.

ஈதர்நெற் வழியாகப் பேசும் ஒவ்வொரு கருவிக்கும் இருவகை முகவரிகள் உண்டு. முதலாவது, தொழிற்சாலையிலேயே கருவியில் பதிக்கப்படும் 48 பிற்று நீளமான பௌதிக முகவரி. இதன் முற்பாதியான 24 பிற்றுகள் உற்பத்தியாளரைக் குறிக்கும். பிற்பாதி அக்கருவிக்கே உரியது. இரண்டாவது, இணைய நெறிமுறை முகவரி. இது 1981ஆம் ஆண்டில் வரையறுக்கப்பட்ட நான்காம் பதிப்பின்படி 32 பிற்று நீளமானது. 192.168.24.194 என்றவாறு நான்கு எண்களாக இதனை எழுதுவர். இதனையே இக்கட்டுரையில் வலைமுகவரி என்கின்றோம்.

இவ்விரண்டுக்குமுள்ள வேறுபாட்டைத் தோட்டத்து வழக்கால் விளக்கலாம். ஒருவரின் பெயர் அவர் எங்குச் சென்றாலும் அவருடனேயே செல்லும். ஆயின் அப்பெயரைக் கொண்டு அவர் இருக்குமிடத்தை அறிதல் இயலாது. ‘மேற்குத் தோட்டம், இரண்டாம் பிரிவு, நான்காம் லயம், ஆறாம் காம்பிரா’ என்பது இடத்தைக் குறிப்பது. அவர் வேறு லயத்துக்குக் குடிபெயர்ந்தால் பெயர் மாறாது, இடக்குறிப்பு மாறும். பௌதிக முகவரி பெயரை ஒத்தது. வலைமுகவரி இடக்குறிப்பை ஒத்தது. பெயரை மட்டும் அறிந்தவன் ஒரே லயத்துக்குள் ஆளைக் கூப்பிட்டுவிடலாம். மலைக்கு அப்பாலிருந்து தேடிவருபவனுக்கோ இடக்குறிப்பு இன்றியமையாதது.

ஆளிக்கு முகவரி ஏன்?

ஆளி தன் அன்றாடத் தொழிலைச் செய்வதற்கு வலைமுகவரி தேவையில்லை. இது முதன்முறை கேட்போருக்கு வியப்பளிக்கலாம். ஒரு செய்திச் சட்டகம் ஒரு துறைக்குள் வரும்போது, அதை அனுப்பிய கருவியின் பௌதிக முகவரியை ஆளி கண்டு, ‘இக்கருவி இத்துறையில் உள்ளது’ எனத் தன் அட்டவணையில் குறித்துக்கொள்ளும். பின்னர் அக்கருவிக்கு வரும் சட்டகங்களை அத்துறைக்கே அனுப்பும். பொதுவாக 300 செக்கன் வரை ஒரு கருவியிடமிருந்து சட்டகம் எதுவும் வராவிடின் அக்குறிப்பை அழித்துவிடும். இவ்வளவுக்கும் பௌதிக முகவரிகளே போதுமானவை. பெட்டியிலிருந்து எடுத்து மின்னிணைப்புக் கொடுத்தவுடன் ஆளி இயங்கத் தொடங்குவதன் காரணமும் இதுவே.

அங்ஙனமாயின் அதற்கு முகவரி எதற்கு? ஆளி பிறருடைய செய்திகளைச் சுமப்பதற்கன்று, தன்னிடம் கேட்கப்படும் வினாவுக்குத் தானே விடை கூறுவதற்கு முகவரி வேண்டும். எந்தத் துறை செயலிழந்தது, எவ்வடத்தில் வழுக்கள் மிகுந்துள்ளன, எப்போது மின் தடைப்பட்டது என்பவற்றை ஆளி அறியும். ஆயின் முகவரியற்ற ஆளியிடம் இவற்றைக் கேட்க வேண்டுமாயின் அதனருகே சென்று வடமொன்றைச் செருகியே ஆகவேண்டும். கொழும்பிலுள்ள அலுவலகமொன்றில் அது மாடிப்படி ஏறும் வேலை. டயகமவிலுள்ள பாடசாலையொன்றிலாயின் அது பொறியியலாளர் ஒருவரின் ஒரு முழுநாட் பயணம். அவர் வரும்வரை மாணவர் கணினிகள் வாளாவிருக்கும். முகவரி சரியாக அமைந்துவிடின் அதே வேலையை அவர் தம் இருக்கையிலிருந்தே சில நிமிடங்களிற் செய்துவிடலாம். ஆகவே தொலைவு கூடக்கூட ஆளியின் முகவரிக்கு மதிப்பும் கூடுகின்றது.

முகவரி பெறுவதற்குரிய ஆளிகளை ‘முகாமை செய்யத்தக்க ஆளி’ என்பர். விலை குறைந்த ஆளிகள் பல இவ்வசதியற்றவை. தொலைவிலுள்ள நிறுவனத்துக்கு ஆளி வாங்குவோர் முதற்கண் நோக்கவேண்டியது இதனையே.

அமைக்கவேண்டிய நான்கு

ஆளியில் அமைக்கவேண்டியவை நான்கு. அவை வலைமுகவரி, உபவலை மறைப்பு, இயல்பு வாயில், முகாமைக்குரிய மெய்நிகர் வலை என்பன. கற்பனையானதோர் எடுத்துக்காட்டைக் கொண்டு இவற்றை நோக்குவோம்.

டயகமவிலுள்ள ஒரு பாடசாலையில் மூன்று கட்டடங்கள் இருப்பதாகவும் ஒவ்வொன்றிலும் ஓர் ஆளி இருப்பதாகவும் கொள்வோம். பாடசாலைக்கு 192.168.24.0 முதல் 192.168.24.255 வரையான 256 எண்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. 192.168 எனத் தொடங்கும் எண்கள் தனியார் முகவரிகளாகும். 10 எனத் தொடங்குவனவும், 172.16 முதல் 172.31 வரை தொடங்குவனவும் இத்தகையனவே. 1996ஆம் ஆண்டின் வரையறைப்படி இவற்றை எவரும் தம் உள்வலையில் அனுமதியின்றிப் பயன்படுத்தலாம். வெளியிணையத்தில் இவை செல்லா. பொது முகவரிகளோ அருகிவிட்டன. 32 பிற்றுகளால் ஆகக்கூடியது 4,294,967,296 முகவரிகளே இயலும். இலங்கையும் அடங்கிய ஆசிய பசுபிக் பிராந்தியத்தின் பொதுச் சேமிப்பு 2011 ஏப்பிரலிலேயே இறுதிப் பங்கீட்டு நிலையை எய்திற்று. எனவே உள்வலைக்குத் தனியார் முகவரியே ஏற்றது.

இந்த 256 எண்களையும் 64 எண்கள் வீதம் நான்கு பிரிவுகளாக வகுப்போம். 0 முதல் 63 வரை மாணவர் கணினிகளுக்கு. 64 முதல் 127 வரை ஆசிரியர்க்கும் அலுவலகத்துக்கும். 128 முதல் 191 வரை எதிர்காலத் தேவைக்கு. 192 முதல் 255 வரை ஆளிகளின் முகாமைக்கு. தோட்டத்தைப் பிரிவுகளாக வகுப்பது போன்றதே இது. ஒவ்வொரு பிரிவிலும் முதல் எண் பிரிவையே குறிக்கும். இறுதி எண் பிரிவிலுள்ள அனைவரையும் ஒருங்கே அழைப்பதற்குரியது. எஞ்சும் 62 எண்களையே கருவிகளுக்கு வழங்கலாம். நான்காம் பிரிவில் 193ஐ ரவுட்டர் எனப்படும் வழிப்படுத்திக்கும், 194, 195, 196 ஆகியவற்றை மூன்று ஆளிகளுக்கும் வழங்குவோம்.

இனி உபவலை மறைப்பை நோக்குவோம். முகவரியில் எவ்வளவு பகுதி பிரிவைக் குறிக்கின்றது, எவ்வளவு பகுதி காம்பிராவைக் குறிக்கின்றது என்பதைக் காட்டுவதே மறைப்பு. நமது எடுத்துக்காட்டில் அது 255.255.255.192 ஆகும். இறுதி எண்ணான 192ஐத் துவித எண்ணாக எழுதின் 11000000 என வரும். ஆளியின் எண்ணாகிய 194 துவிதத்தில் 11000010. இவ்விரண்டையும் மேல்கீழாக வைத்து, இரண்டிலும் 1 உள்ள இடங்களில் மாத்திரம் 1 இட்டால் 11000000 கிடைக்கின்றது, அதாவது 192. ஆகவே 194 என்பது 192இல் தொடங்கும் பிரிவைச் சேர்ந்தது. ஆசிரியர் கணினியொன்றின் எண் 70 எனின், அது துவிதத்தில் 01000110. அதே மறைப்பை இட்டால் 01000000, அதாவது 64 கிடைக்கின்றது. இரண்டும் வெவ்வேறு பிரிவுகள் என ஆளி இவ்வாறு முடிவுசெய்கின்றது.

இம்முடிவிலிருந்தே வாயிலின் தேவை பிறக்கின்றது. மறுமொழி பெறவேண்டியவர் தன் பிரிவினராயின் ஆளி ‘இவ்வெண்ணுக்குரியவர் யார்?’ எனத் தன் பிரிவு முழுவதும் கேட்கும். உரியவர் தம் பௌதிக முகவரியைக் கூறுவார். 1982ஆம் ஆண்டில் வரையறுக்கப்பட்ட முகவரி அறியும் நெறிமுறை இதுவாகும். அவர் வேறு பிரிவினராயின் ஆளி தன் மறுமொழியை வாயிலாகிய வழிப்படுத்தியிடம் ஒப்படைக்கும். ஆதலின் ஆளிகள் மூன்றிலும் வாயிலின் முகவரி 192.168.24.193 என அமைதல் வேண்டும். வாயில் ஆளியின் பிரிவுக்குள்ளேயே இருக்கவேண்டும் என்பது இங்குக் கருதத்தக்கது. தன் பிரிவுக்கு அப்பாலுள்ள வாயிலை ஆளி சென்றடைய இயலாது.

நான்காவது, மெய்நிகர் வலை. ஒரே ஆளியின் துறைகளைத் தனித்தனி வலைகளாகப் பிரித்து வைப்பதே மெய்நிகர் வலையாகும். மேற்கூறிய பிரிவுகளுள் வழக்கிலுள்ள ஒவ்வொன்றுக்கும் ஒரு மெய்நிகர் வலையை ஒதுக்கி, ஆளியின் முகவரியை முகாமைக்குரிய வலையில் மாத்திரம் அமைக்க வேண்டும். பல ஆளிகளில் எல்லாத் துறைகளும் தொடக்கத்தில் 1 என்னும் மெய்நிகர் வலையிலேயே இருக்கும். அவ்வாறே விட்டுவிடின் மாணவர் கணினி ஒவ்வொன்றும் ஆளியின் கதவைத் தட்டக்கூடியதாகிவிடும்.

அமைக்கும் முறை

புதிய ஆளிக்கு முதன்முறை முகவரி அமைக்கும்போது அதனருகே இருத்தல் வேண்டும். ஆளியின் கட்டுப்பாட்டுத் துறையில் உரிய வடத்தைச் செருகி மடிக்கணினியை இணைத்தால் கட்டளைத் திரை தோன்றும். சிலவகை ஆளிகள் தொழிற்சாலையிலேயே ஒரு முகவரியைப் பெற்று வருகின்றன. அவற்றை மேலோடி வழியாகத் திறந்து மாற்றலாம். எவ்வழியாயினும் செய்யவேண்டியவற்றின் வரிசை ஒன்றே. முதலில் ஆளிக்கு அதன் கட்டடத்தைக் காட்டும் பெயரிடுக. இரண்டாவதாகத் தொழிற்சாலைக் கடவுச்சொல்லை மாற்றுக. மூன்றாவதாக முகாமை வலையை உருவாக்கி, வழிப்படுத்தியை நோக்கிய துறையில் அவ்வலை செல்ல இடங்கொடுக்க. நான்காவதாக வலைமுகவரியையும் மறைப்பையும் இடுக. ஐந்தாவதாக வாயிலை அமைக்க. ஆறாவதாக மறைகுறியாக்கப்பட்ட தொடர்பு வழியை மாத்திரம் திறந்து, ஏனையவற்றை மூடுக. ஏழாவதாக அனைத்தையும் நிலையான நினைவகத்தில் சேமிக்க.

கணினிகளுக்கு வழங்குவதுபோல ஆளிக்கும் முகவரியைத் தானாக வழங்கச் செய்யலாமா என்னும் வினா எழலாம். 1993ஆம் ஆண்டிலிருந்து அதற்கான நெறிமுறை உண்டு. ஆயின் தானாக வழங்கப்படும் முகவரி காலத்துக்குக் காலம் மாறக்கூடும். தேடிச்செல்ல வேண்டிய கருவிக்கு இடம்பெயரும் முகவரி பொருந்தாது. ஆகவே ஆளிக்கு நிலையான முகவரியே ஏற்றது. அம்முகவரி, தானாக வழங்கப்படும் எண்களின் எல்லைக்குள் வராதவாறும் பார்த்துக்கொள்ளல் வேண்டும். அன்றேல் ஒரே எண்ணை இரு கருவிகள் பெற்று, தொடர்பு ஒருபோது கிட்டியும் ஒருபோது கிட்டாமலும் போகும்.

பிழைகள் நான்கு

முதலாவது பிழை, மறைப்பைத் தவறாக இடுதல். 255.255.255.192க்குப் பதிலாக 255.255.255.0 என இட்டதாகக் கொள்வோம். இப்போது 256 எண்களும் தன் பிரிவே என ஆளி எண்ணும். கொழும்பிலுள்ள பொறியியலாளர் மறைகுறித்தடத்தின் வழியாக 10.8.0.5 என்னும் முகவரியிலிருந்து கேட்டால் விடை செல்லும். அவர் வெளியார் என்பதில் ஆளிக்கு ஐயமில்லை. ஆயின் அடுத்த அறையிலுள்ள ஆசிரியர் 70ஆம் எண்ணிலிருந்து கேட்டால், அவரைத் தன் பிரிவினரென மயங்கி ஆளி அங்கேயே கூவியழைக்கும். அவர் அப்பிரிவில் இல்லையாதலின், வழிப்படுத்தி அவருக்காகத் தானே பதிலிறுக்குமாறு அமைக்கப்பட்டிருந்தாலன்றி, விடை வராது. தொலைவிலுள்ளவருக்குப் பேசும் ஆளி அருகிலுள்ளவருக்கு ஊமையாகும் விந்தையின் காரணம் இதுவே.

இரண்டாவது, வாயிலை அமைக்க மறத்தல். இதுவே மிகுதியாக நேர்வதும் எளிதிற் புலப்படாததுமான பிழை. அமைப்பவர் ஆளியின் அருகிலிருந்து, அதே பிரிவில் நின்று சோதிக்கின்றார், விடை கிடைக்கின்றது, மனநிறைவுடன் மலையிறங்குகின்றார். மறுநாள் கொழும்பிலிருந்து கேட்டால் மௌனமே விடை. வினா ஆளியைச் சென்றடையாமலில்லை. வழிப்படுத்தி அதனைச் சரியாகவே கொண்டுசேர்த்தது. ஆளியும் அதனைக் கேட்டது. திருப்பியனுப்ப வழியறியாமையால் விடையைக் கைவிட்டது. ஆகையால் அமைப்பவர் மலையிறங்குமுன் வேறொரு பிரிவிலிருந்தும் வெளியிலிருந்தும் சோதித்தல் கட்டாயமாகும்.

மூன்றாவது, சேமிக்க மறத்தல். பலவகை ஆளிகளில் இடும் கட்டளைகள் உடனே செயற்படுமாயினும் நிலையான நினைவகத்தில் தாமாகப் பதிவதில்லை. மழையும் காற்றும் மிகுந்த மலைப்பகுதியில் மின்தடை புதிதன்று. சேமிக்கப்படாத முகவரி, அடுத்த மின்தடையுடன் மறைந்துவிடும். ஆளியோ முன்போலவே செய்திகளைச் சுமந்துகொண்டிருக்கும் என்பதால் இழப்பு எவர் கண்ணிலும் படாது. தேவை நேரும்போதே அது தெரியவரும்.

நான்காவது, தொலைவிலிருந்தபடியே முகவரியை மாற்றுதல். பழைய முகவரி வழியாக நுழைந்தவர் அம்முகவரியை நீக்குவது, நுனிக் கிளையில் இருந்துகொண்டு அடிமரத்தை வெட்டுவதற்கு ஒப்பாகும். மாற்றியே ஆகவேண்டுமெனின், பத்து நிமிடத்தில் ஆளி தானே மீளத்தொடங்குமாறு முதலில் பணித்துவிட்டு மாற்றத்தைச் செய்யலாம். மாற்றம் வெற்றியாயின் அப்பணிப்பை நீக்கிச் சேமித்துக்கொள்ளலாம். தவறின் ஆளி மீளத்தொடங்கிப் பழைய சேமிப்புக்கே திரும்பிவிடும். இங்கு, சேமிக்கப்படாதது அழியும் என்னும் அதே இயல்பு நமக்குத் துணையாகின்றது.

இவற்றுடன், எந்த எண் எந்தக் கட்டடத்தின் எந்த ஆளிக்குரியது என்னும் பதிவேடொன்றைப் பாடசாலையிலும் பொறியியலாளரிடமும் வைத்திருத்தல் வேண்டும். பதிவில்லாத முகவரி நினைவு உள்ளவரையே முகவரி.

முடிவுரை

மேற்கூறியவற்றால் முகவரியின் இயல்பு பற்றி ஓர் உண்மை புலனாகின்றது. வலையிற் செல்லும் ஒவ்வொரு பொதியும் சேருமிடத்தின் முகவரியை மட்டுமன்றி அனுப்பியவரின் முகவரியையும் தாங்கியே செல்கின்றது. இரண்டும் இருந்தாற்றான் மறுமொழி பிறக்கும். சென்றடையும் வழி மட்டும் இருந்து திரும்பும் வழி இல்லாதது அரைமுகவரியே. வாயிலற்ற ஆளி இதற்குச் சான்று.

மலையகத்தின் வரலாற்றிலும் இத்தகைய அரைமுகவரி ஒன்று உண்டு. 20ஆம் நூற்றாண்டின் தொடக்க காலத்தில் தமிழகத்திலிருந்து தோட்டங்களுக்கு அழைத்துவரப்பட்ட தொழிலாளருக்குத் தகரவில்லையொன்று வழங்கப்பட்டது. எந்தத் தோட்டத்துக்குரியவர் என்பதைக் காட்டும் எழுத்தும் எண்ணும் அதிற் பொறிக்கப்பட்டிருந்தன. அவ்வெண்ணைக் கொண்டே இடைவழியிலுள்ளோர் அவரை உரிய மலைக்கு அனுப்பிவைத்தனர். மனிதர் பொதியாக்கப்பட்டு, சேருமிடம் மட்டும் அவர்மீது எழுதப்பட்டது. சென்றடைந்த பின்னர் அவர்கள் குடியிருந்த காம்பிராவுக்கு எண்ணிட்டுத் தப்பாலைக் கொண்டுசேர்க்கும் பொறுப்பை எவரும் ஏற்கவில்லை. தோட்டத்துக்கு அவர்களைக் கொண்டுசெல்ல ஓர் எண் போதுமானதாயிருந்தது. அவர்களிடம் ஒன்றைக் கேட்கவும் அவர்கள் சொல்வதைப் பெறவும் வேண்டிய முகவரியே இல்லாமற் போயிற்று.

முகவரியற்ற ஆளி பிறர் செய்தியை நாள்முழுதும் சுமக்கும். தன் குறையைச் சொல்ல அதற்கு வழியில்லை. கருவிக்கு இந்நிலை நேராதிருக்க நான்கு எண்களைச் சரியாக அமைத்துச் சேமித்தால் போதும். லயத்துக்கு வேண்டியதும் பெரிதன்று. தோட்டம், பிரிவு, லயம், காம்பிரா என்னும் ஒழுங்கு அங்கு ஏற்கெனவே உள்ளது. அதனைக் கதவில் எழுதி, பதிவேட்டிற் பதிந்து, தப்பாலை அவ்வாசலுக்கே கொண்டுசெல்வதே எஞ்சியுள்ள பணி. பாடசாலையில் ஆளிக்கு முகவரி அமைக்கப் பழகும் டயகம மாணவர், மாலையில் வீடு திரும்பும்போது தம் காம்பிராவின் கதவையும் ஒருமுறை நோக்குவாராயின், இப்பாடத்தின் பொருளை அவர் முற்றாக உணர்ந்தவராவார்.